பேட்டரி மேல் ஈரத்துணி

என் வேன் ஷெட்டின் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. சாயப்பட்டறைக்கு ரசாயனம் வந்து இறங்கும் டிரம். காலியானதும் வாங்கி வந்து, பாதியாக அறுத்துத் தண்ணீர் பிடித்து வைப்பது திருப்பூரில் வீட்டுக்கு வீடு இருக்கும் வழக்கம். இதுவும் அப்படி அறுத்ததுதான். தொடை உயரம். விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கீழே இறங்கும் விரிசல் ஒன்று உண்டு. அதைத் தார் உருக்கி அடைத்திருக்கிறேன். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். அதில் யாரும் கை கழுவக் கூடாது, குடம் முக்கக் கூடாது, வண்டி துடைக்கிற துணியை நனைக்கக் கூடாது. என்னிடம் வேலை பார்க்கும் டிரைவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அந்த விரிசல் என் கைவேலை. வீல் ஸ்பேனரால் ஒரு மனிதரை அடித்தபோது குறி தவறிய அடி ஒன்று டிரம்மில் விழுந்தது. குறி தவறாமல் விழுந்த அடிகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கூடவே, ஏழு வருடமாக என் மச்சினனிடம் சொல்லாமல் விழுங்கி வைத்திருக்கும் ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். தான் செய்யாத தப்பை அவன் தன் தலையில் சுமந்துகொண்டு திரிகிறான். அதை இறக்கி வைக்க நான் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

டிரம்மின் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். தெற்கத்திக்காரர். குடும்பத்தோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர், அதில் ஒட்டாமல், காங்கயம் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு நேர் எதிரே தகரக் கூரை போட்டு வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற கடை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு சர்ச்சுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் அவர் வாயில் வரும் வார்த்தையைக் கேட்டால் அந்த வெள்ளைச் சட்டை தானாகவே கறுத்துப்போகும். கம்பெனி வேன்காரர்கள் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கினவர்கள், மீதிப் பேர் அடி வாங்கினவர்கள். ஆனாலும் வண்டியில் கரண்டுக் கோளாறு என்றால் வேறெங்கும் போகமாட்டோம். அந்த ரோட்டில் அவரைப்போல வேலை தெரிந்தவர் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் கோபம் மனிதர்களுக்காக வருவதில்லை, பேட்டரிக்காக வரும். ஒருமுறை ஒரு கார்க்காரர் தண்ணீர் குறைந்த பேட்டரிக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஆசிட்டை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணாச்சி அவர் கையிலிருந்த கேனைப் பிடுங்கி ரோட்டில் விசிறினார். தார் ரோடு நுரைத்துப் புகைந்தது. "இதத்தான் அது வயித்துல ஊத்தியிருக்கேரு, நல்லாப் பாரும்வே" என்று அந்த மனிதரின் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தார். இன்னொருவர் சார்ஜரில் போட்ட பேட்டரியை உச்சி வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் சார்ஜர் சுவரில் அடிபட்டு நாலு துண்டாகக் கிடந்தது. அந்த நீல டிரம்மில் டீ கிளாஸைக் கழுவப் போன ஒரு லோடுமேனை, கையில் இருந்த ஃபேன் பெல்ட்டால் முதுகில் வீசிவிட்டார். தடிப்பு ஒரு வாரம் இருந்ததாம். கடைக்குள் பாட்டில் பாட்டிலாக ஆசிட் வைத்திருக்கிற ஆள், வாசலில் ஒரு டிரம் பச்சைத் தண்ணீருக்கு ஏன் இப்படிக் காவல் காக்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. அது தண்ணீரே இல்லை, ஏதோ கரைசல் என்றும் பேசிக்கொண்டார்கள். சாயப்பட்டறை டிரம் ஆயிற்றே, எதைச் சொன்னாலும் நம்பலாம்.

வெயில் காலத்தில் அவர் இரண்டு மடங்கு ஆடுவார். அதற்குக் காரணம் இருந்தது. "மழைக் காலத்துல பேட்டரி பசியில சாவும். வெயில்ல தின்னு சாவும்வே" என்பார். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளந்து விடுவது ரெகுலேட்டர் என்கிற சின்னச் சாமான். அது கெட்டால் அளவில்லாமல் திணித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி சூடாகும். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து வற்றும். கொதிக்கும்போது ஒரு வாயு வரும், அது பொறி பட்டால் வெடிக்கிற வாயு. குளிர் காலத்தில் இதைக் கொஞ்சம் தாங்கும் பேட்டரி, வெளியிலும் நெருப்பு, உள்ளேயும் நெருப்பு என்கிற சித்திரை வெயிலில் தாங்காது. அதனால் பங்குனி பிறந்ததுமே எந்த வண்டி வந்தாலும், எந்த வேலைக்கு வந்தாலும், முதலில் பானட்டைத் தூக்கி மீட்டரை வைப்பார். என்ஜினை முடுக்கச் சொல்லுவார். பதினாலு, பதினாலரை வோல்ட்டுக்குள் முள் நின்றால் ஒன்றும் பேசமாட்டார். பதினைந்தைத் தொட்டால் வண்டிக்காரனின் பரம்பரையையே இழுப்பார்.

இனி என் கதை. அப்போது எனக்கு ஒரே ஒரு வேன். பல்லடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இருபது பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இறக்குவேன், சாயங்காலம் திரும்ப ஏற்றுவேன். என் மனைவியின் தம்பி அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முப்பது வயது, சாது, கத்தரியைத் தவிர வேறு எதையும் கோபமாகப் பிடிக்காதவன். அவனும் என் வண்டியில்தான் வருவான். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் வண்டிக்கு என்னைவிட அவன் அதிகம் கவலைப்படுவான்.

பனியன் வேஸ்ட் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. வெட்டு மேசையில் மிஞ்சுகிற துண்டுத் துணியால்தான் மிஷின் துடைக்கிறோம், சைக்கிள் துடைக்கிறோம், அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிறோம், ஒழுகும் குழாயைக் கட்டுகிறோம். வெயில் ஏறினால் தண்ணீர் கேனைச் சுற்றி அதையே நனைத்துக் கட்டுவோம், தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அந்த வருடம் சித்திரை பிறந்த புதிதில், என் வேனின் பேட்டரி கை வைக்க முடியாதபடி கொதித்தது. மச்சினன் அன்றைக்கு வெட்டின நல்ல கெட்டிப் பருத்தித் துணியில் ஒரு மடி எடுத்து வந்து, நனைத்துப் பிழிந்து, பேட்டரியின் மேல் நாலு மடிப்பாகப் போர்த்தி ஓரங்களைச் செருகினான். "கேனுக்குச் சுத்தறாப்பலதானுங்க மாமா. குளுகுளுன்னு கெடக்கட்டும்" என்றான். எனக்கும் அது பெரிய மூளையாகத்தான் தெரிந்தது. இரண்டு வாரம் தினமும் நனைத்து நனைத்துப் போட்டோம். நாலைந்து வேன்காரர்களுக்கு நானே சொல்லியும் கொடுத்தேன்.

பேட்டரிக்கு மேலே இருக்கும் சின்ன ஓட்டைகள் எதற்கு என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அந்த வாயு வெளியே போக வேண்டிய வழி அது. ஈரத்துணியைக் கெட்டியாகப் போர்த்தி அந்த வழியை அடைத்தோம். வந்ததை அங்கேயே பிடித்தும் வைத்தோம்.

அறிகுறி இல்லாமல் இல்லை. ஹெட்லைட் பல்பு வாரம் ஒன்று போனது. பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்தது. ஊற்றுகிற தண்ணீர் மூன்றாம் நாள் காணாமல் போனது. முன் சீட்டில் உட்கார்ந்தால் அழுகின முட்டை நாற்றம் அடித்தது, பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு சாயங்காலம், வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டே அண்ணாச்சி கடையில் நிறுத்தினேன். மச்சினன் அன்று ஓவர்டைம், வண்டியில் இல்லை. அன்று அவன் வண்டியில் இல்லாததுதான் பின்னால் எனக்கு வசதியாகப் போனது.

அண்ணாச்சி பானட்டைத் தூக்கினார். துணியைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு விரலால் உரித்து எடுத்து என் முகத்தில் எறிந்தார். ஆசிட் ஊறின துணி, கன்னம் எரிந்தது. மீட்டரை வைத்து முடுக்கச் சொன்னார். பதினைந்தே முக்கால். நான் வண்டியிலிருந்து இறங்கி, "வெயில்ல சூடாகுதுங்கண்ணாச்சி, அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். அறை விழுந்தது. லேசான அறை இல்லை. காதுக்குள் கம்பெனி சங்கு ஊதினது போல இருந்தது. வண்டிக்குள் இருபது பெண்கள், எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர், எல்லோரும் பார்த்தார்கள். வண்டிக்குள் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்ததும் கேட்டது.

"ரெகுலேட்டர் போச்சு. நாளைக்கு மாத்துதேன், காலையில வண்டியக் கொண்டாந்து விடும். அதுவரைக்கும் பகல்லயும் ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டே ஓட்டும், கொஞ்சம் சார்ஜ அந்த லைட்டு தின்னட்டும். இந்தத் துணிய இனிமே அதுமேல பாத்தேன், ஒம்ம கையத் தறிச்சுப்புடுவேன்" என்றார். துணியை ரோட்டோரம் எறிந்துவிட்டு, பேட்டரியின் மேல்பக்கத்தைத் தன் பனியனாலேயே துடைத்துவிட்டார். எனக்குக் காது அடைத்திருந்தாலும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் என்னால் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். கண்ணாடியில் ஐந்து விரலும் தெரிந்தது. நாற்பது வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், ஊருக்கு முன்னால் அறை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன் என்று உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. ரெகுலேட்டரை அந்த ஆளிடம் மாற்றினால் நான் ஆம்பிளையே இல்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் காலையில் ஷெட்டில் கிடந்த புதுத் துணி ஒன்றைத் தண்ணீரில் முக்கி, பேட்டரியின் மேல் முன்னைவிடக் கெட்டியாகப் போர்த்தினேன். என் கையால்தான் போர்த்தினேன், அவர் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் போர்த்தினேன். ஹெட்லைட்டையும் போடவில்லை.

அன்று மதியம் கம்பெனிக்கு நூல் பெட்டி எடுத்து வரும் வேலை. மச்சினனும் கூட வந்தான். திரும்பும்போது வேண்டுமென்றே அந்தப் பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினேன். ரெகுலேட்டர் மாற்றாமலேயே வண்டி ஓடுகிறது பார் என்று எதிர்க் கடைக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் புத்தி. அண்ணாச்சி ஒரு ஆட்டோவின் அடியிலிருந்து எழுந்து பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையை மடக்கி மடக்கி விரித்து, லைட்டைப் போடு என்று ஜாடை காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு டீ சொன்னேன்.

டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது, என்ஜின் பிடிக்கவில்லை. மச்சினன் இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினான். "முனை லூசாட்ட இருக்குதுங்க மாமா. நான் அமுக்கிப் புடிச்சுக்கறேன், செல்ஃப் அடிங்க" என்றான். துணியின் ஒரு ஓரத்தை மட்டும் நீக்கி, வயரை முனையோடு சேர்த்து அழுத்தியபடி குனிந்து நின்றான். திறந்த பானட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவன் நெற்றி தெரிந்தது. சாவியைத் திருப்பியது என் கை.

குண்டு போட்டது போல் வெடித்தது. பேட்டரியின் மேல்மூடி பானட்டில் மோதிக் கண்ணாடிக்கு வந்தது, கண்ணாடி முழுவதும் வலை வலையாக வெடித்துவிட்டது, என்னால் வெளியே பார்க்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினபோது அவன் ரோட்டில் மண்டிபோட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். அவன் சட்டை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நைந்து ஓட்டை ஓட்டையாக விழுந்தது. பிளாஸ்டிக் சில்லு ஒன்று தாடையில் குத்தி நின்றது. விரல் இடுக்கில் இரத்தம் வழிந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனே தவிர, அவனைத் தொடவில்லை. எங்கே தொடுவது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியாது. ஒரு டவுன் பஸ் பிரேக் அடித்த சத்தம் கேட்டது, அதற்குள் அவர் வந்துவிட்டார். என்னை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார், விழுந்தேன். மச்சினனின் முடியைப் பிடித்து, இன்னொரு கையால் பெல்ட்டைப் பிடித்து, ஆட்டை இழுக்கிற மாதிரி ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடினார். அவன் உதைத்தான், கத்தினான். நீல டிரம்மின் முன்னால் அவனை முட்டிபோட வைத்து, முதுகில் தன் முழங்காலைக் குத்தி, தலையைத் தண்ணீருக்குள் முக்கினார். அவன் மூச்சுக்குத் திமிறி எழும்பினால் ஒரு நொடி விட்டு மறுபடி முக்கினார். "கண்ணத் தொறடே. தொறடே. செத்தாலும் தொறந்துக்கிட்டே சாவு" என்று கத்தினார்.

நானும் பேக்கரியில் இருந்தவர்களும் பார்த்தது என்ன? நேற்று என்னை அறைந்த ஆள், இன்று முகம் வெந்து கிடக்கிறவனைச் சாயப்பட்டறை டிரம்மில் போட்டு முக்குகிறான். "ஆளைக் கொல்றானப்பா, புடிங்க" என்று ஒரு குரல் வந்தது. அதுவரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எனக்கு, செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேனில் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் அடி தோள்பட்டையில். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது முதுகில். ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். செருப்பால் ஒருவன், ஹெல்மெட்டால் ஒருவன், வெறும் காலால் இடுப்பில் உதைக்கிறவன் ஒருவன். அவர் வாய் கிழிந்து இரத்தம் தண்ணீரில் சொட்டியது. "தண்ணிவே, வெறுந் தண்ணி" என்றார். கேட்டது. நம்பவில்லை. ஆளை விடவும் இல்லை அவர். அப்போது நான் பக்கவாட்டில் வந்து, டிரம்முக்குள் இருந்த அவர் வலது கையைப் பார்த்து ஓங்கினேன். ஒன்று தவறி டிரம்மில் விழுந்தது. அடுத்தது மணிக்கட்டில். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம் வந்தது. அந்தக் கை தொங்கியது. அப்போதும் இடது கையால் அவன் தலையைச் சுற்றி வளைத்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார்.

அதை நிறுத்தியது பேக்கரிக்காரர். டிரம்மில் கையை விட்டு, எடுத்து முகர்ந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கப்பா, இது குடிக்கிற தண்ணிங்க. கண்ணைக் கழுவறாருங்க அவரு. உடுங்கடா" என்று கத்தினார். ஒவ்வொருவராகக் கை ஓய்ந்தது. என் கையில் இருந்த ஸ்பேனர் எப்போது கீழே விழுந்தது என்று நினைவில்லை. அதற்குப் பிறகும் அண்ணாச்சி நிறுத்தவில்லை. முறிந்த கையை மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அவன் தலையை முக்கியும் தூக்கியும் கழுவிக்கொண்டே இருந்தார். அடித்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று அதைப் பார்த்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை பார்த்தோம்.

மச்சினனுக்கு இடது கண் பிழைத்தது. வலது கண் போனது. ஆசிட் பட்ட உடனே இவ்வளவு நேரம் தண்ணீரில் கழுவாமல் விட்டிருந்தால் இரண்டுமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கழுவினவர் யார் என்று கேட்டார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கை ஒடிந்திருக்கிறது என்றேன். எப்படி ஒடிந்தது என்று அவர் கேட்கவில்லை.

வலது கண் ஏன் போனது என்றும் டாக்டர் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன். ஆசுபத்திரிக் கட்டிலில் மச்சினன் தூங்கும்போது எதிரே உட்கார்ந்து, அண்ணாச்சி அவனைப் பிடித்திருந்ததை என் கைகளால் செய்து பார்த்தேன். பின்னாலிருந்து தலையைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோய், இரண்டு இமையையும் விரலால் பிளந்து வைத்திருந்தார். ஒரு கைக்கு ஒரு கண். ஆசிட் பட்டவன் தானாகக் கண்ணைத் திறக்கமாட்டான், இறுக மூடிக்கொள்வான், உள்ளே இருப்பது உள்ளேயே இருந்து தின்னும். ஒரு கையை நான் ஒடித்துப்போட்டேன். மிஞ்சின கையால் தலையையும் பிடித்து ஒரு கண்ணைத்தான் அவரால் திறந்து வைக்க முடிந்தது. அந்தக் கட்டிலுக்கு முன்னால் என் கைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நர்ஸ் வந்து, என்னங்க பண்றீங்க என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதட்டில் தையல். போலீஸ்காரர் வந்து கேட்டதற்கு, பேட்டரி வெடித்ததில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ரெகுலேட்டர மாத்திட்டேரா?"

இல்லை என்றேன்.

"மாத்திரும்வே. பொம்பளப் பிள்ளைய ஏறுத வண்டி."

"துணியைத் திரும்பப் போட்டது நான்தானுங்க அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும். ரோட்டுல கரிஞ்சு கெடந்துச்சே. ஒம்ம மச்சினனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அத நீருதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

கட்டிலின் ஓரம் குனிந்து, அவர் நல்ல கைக்கு எட்டும்படி முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அடித்தால் போதும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் எதற்கும் அப்படி ஏங்கினதில்லை. அந்த இடது கை போர்வை மேல் அசைந்தது, அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேட்டரிக்கு ஆசிட் ஊற்றினவனைப் பிடரியில் பிடித்தவர், டீ கிளாஸ் கழுவினவனை அடித்தவர், என்னை அடி வாங்கக்கூடத் தகுதியில்லாதவன் என்று விட்டுவிட்டார்.

மணிக்கட்டு கூடவில்லை. ஸ்க்ரூடிரைவரை ஒரு திருப்புத் திருப்பினால் கை நடுங்கியது, மீட்டரின் முனையைச் சரியான இடத்தில் வைக்க முடியவில்லை. மச்சினன் ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் கடைக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல வேலை செய்து கொடுத்தான். அப்படியும் ஓடவில்லை. கடையைக் காலி செய்துவிட்டுத் தெற்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காலி செய்த அன்று டிரம்மை யாரும் எடுக்கவில்லை. நான் போய் எடுத்துவந்தேன்.

மச்சினன் நம்பிக்கொண்டிருப்பது இது: இரண்டு வாரமாக அவன் போர்த்தின துணிதான் அன்றைக்கும் பேட்டரியின் மேல் இருந்தது, அவனுடைய அந்த மூளைதான் தன் கண்ணையும் அண்ணாச்சியின் கையையும் கெடுத்தது. முந்தின நாள் அண்ணாச்சி அதை உரித்து எறிந்ததும், எச்சரித்ததும், என்னை அறைந்ததும், மறுநாள் கூட்டத்தில் அவர் கையை ஒடித்த அடி என்னுடையது என்பதும் அவனுக்குத் தெரியாது. பார்த்தவர்கள் யாரும் அவனிடம் சொல்லவில்லை. கண் போனவனிடம் அதையெல்லாம் யார் பேசுவார்கள்? பங்குனி பிறந்தால் போதும், ஒவ்வொரு கம்பெனி வாசலாகப் போய் நிற்கிற வேன்களின் பானட்டைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறான். பேட்டரி மேல் துணி இருந்தால் எடுத்துவிடுகிறான். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுகிறான், காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்கிறான், பொறி பறக்கும்படி வயரைத் தொடாதீர்கள் என்கிறான். "எந் துணியாலதானுங்க எனக்கு இப்படி ஆச்சு" என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டுகிறான். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன். ஏழு சித்திரையாகத் தலையாட்டியிருக்கிறேன்.

போன வாரம் அண்ணாச்சி இறந்துவிட்ட செய்தி வந்தது. மகள்தான் போன் பண்ணினாள். மச்சினன் ஷெட்டுக்கு வந்து, டிரம்மைக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினான். விளிம்பு வரை நிரம்பினதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதான். ஒரு கண்ணில் மட்டும்தான் அவனுக்குத் தண்ணீர் வரும். "அந்தத் துணிய நான் போடாம இருந்திருந்தா அவரு கை நல்லா இருந்திருக்குமுங்க மாமா" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. "சரி உடு மாப்ள" என்றுதான் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் என்னையே வெறுத்த மாதிரி ஒரு மனிதன் இன்னொருவனை வெறுக்க முடியாது.

வாயால் வராததை எழுதிவிட்டேன். துணியை மறுபடி போர்த்தினது நான், மாப்பிள்ளை. சாவியைத் திருப்பினது நான். உன் வலது கண்ணைத் திறந்து வைத்திருந்த கையை ஒடித்ததும் நான். உன் துணி அண்ணாச்சியின் கையால் முந்தின நாளே ரோட்டுக்குப் போய்விட்டது. இது அச்சாகி வந்ததும் கொண்டுவந்து உன்னிடம் கொடுப்பேன். நீ தாளைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி விடாமல் பிடித்திருந்த அந்த இடது கண்ணால் படிப்பாய்.

படித்துவிட்டு ஷெட்டுக்கு வா. இன்றைக்கும் டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். வீல் ஸ்பேனர் அதற்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறது.